சமாதானச் செய்தியின் வேகம் என்ன?

ஒலியின் வேகம் உங்களுக்குத் தெரியும். ஒளியின் வேகமும் தெரியும். சமாதானத்தின் வேகம் என்னவென்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? விளையாட்டுக் கேள்வி என்று எண்ணிவிடாதீர்கள். நம் கடலூரின் வரலாற்றில் அதற்கு விடை இருக்கிறது. அந்த விடைக்காகப் பலர் உயிரை விலையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

இக்கேள்வியை என் மனத்தில் எழுப்பியவர் என் மாணவர் ஒருவர். நான் சிதம்பரத்தில் குடியிருந்து கொண்டு கடலூரில் ஒரு கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவன். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும், தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் அந்த மாணவர் என்னிடம் வந்தார். முன்தினம் இரவு பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பார்த்தாராம். 'ஸ்டார் ட்ரெக்' என்ற புகழ்பெற்ற தொடர் அது. அவர் பார்த்த பகுதியின் பெயர் 'எர்ரண்ட் ஆஃப் மெர்சி'. அமெரிக்காவில் 1967-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் முதன்முதலாக ஒளிபரப்பானது.

கதை இதுதான். இரண்டு விண்வெளி வல்லரசுகள் போருக்குத் தயாராக நிற்கின்றன. நடுவில் ஆர்கானியா என்றொரு சிறு கிரகம். அங்கே ஆட்டு மந்தைகளும் கற்கோட்டையும் சாதுவான மக்களும் தவிர வேறெதுவும் இல்லை. பூமியின் தரப்பிலிருந்து வந்த தளபதி கெர்க், 'உங்களைக் காப்பாற்றுகிறோம்' என்கிறார். 'வேண்டாம், எங்களுக்கு ஓர் ஆபத்தும் இல்லை' என்று கிரகத்துப் பெரியவர்கள் புன்னகையுடன் மறுக்கிறார்கள். எதிரிப் படை வந்து இறங்குகிறது. அப்போதும் அவர்கள் கையை ஓங்கவில்லை. கடைசியில் இரு கடற்படைகளைப் போல இரு விண்படைகளும் மோதப் போகும் நேரத்தில், இரு தரப்பாரின் ஆயுதங்களும் தொட முடியாதபடி கொதிக்கத் தொடங்குகின்றன. சாதுக்கள் என்று நினைத்தவர்கள் உடலே இல்லாத, சக்தி வடிவான உயிர்கள்! போர் நின்று விடுகிறது. போரிட எனக்கு உரிமை உண்டு என்று வாதாடிக் கொண்டிருந்ததை எண்ணித் தளபதி கெர்க் வெட்கப்படுகிறார்.

கதையைச் சொல்லி முடித்த மாணவர் கேட்டார்: "சார், வேற்றுக் கிரகத்துக்காரங்க நிஜமாவே இப்படி நல்லவங்களா இருப்பாங்களா? எங்க ஊருக்கும் கப்பல்ல வந்தாங்களே, அவங்களும் வியாபாரத்துக்குத்தானே வந்தோம்னு சொன்னாங்க?"

நான் உடனே விடை கூறவில்லை. அன்று மாலை ரயிலில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை என்று ஒவ்வொரு நிலையமாகக் கடந்து வரும்போது, அக்கேள்வி என்னை விடாமல் தொடர்ந்தது. அந்தப் பாதை முழுவதுமே அவருடைய கேள்விக்கு உதாரணமல்லவா?

குண்டு விழுந்த ஊர்கள்

முதலில் தேவனாம்பட்டினத்துக்கே செல்வோம். கடலோரத்தில் கெடிலம் ஆற்றின் அருகே ஒரு கோட்டை இருந்தது. 1690-ஆம் ஆண்டில், செஞ்சியில் இருந்து ஆண்ட மராட்டியர்களிடம் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அதனை விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கம்பெனியின் தலைவராக இருந்தவர் எலிஹூ ஏல். கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டார்கள்.

விற்பனையில் ஒரு விசித்திரமான நிபந்தனை இருந்தது. கோட்டையுடன் சுற்றியுள்ள நிலமும் சேரும். எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து ஒரு பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ அவ்வளவு! அவ்வாறே பெரிய பீரங்கி ஒன்றைப் பல திசைகளிலும் திருப்பிச் சுட்டார்கள். குண்டின் வீச்சுக்குள் அடங்கிய ஊர்கள் எல்லாம், கடலூர் நகரம் உட்பட, கம்பெனிக்குச் சொந்தமாயின. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயர் வழங்கலாயிற்று.

பௌதிக மாணவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். எறிபொருளின் வீச்சு, அதன் தொடக்க வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று படித்திருக்கிறீர்கள். வேகம் இரு மடங்கானால் வீச்சு நான்கு மடங்கு. காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 45 பாகைச் சாய்வில் சுடும்போது வீச்சு மிக அதிகம். வீச்சை ஆரமாகக் கொண்டு வட்டம் வரைந்தால், அதன் பரப்பு வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே வெடிமருந்து கொஞ்சம் நல்லதாக இருந்து, குண்டின் வேகம் இரு மடங்கானால், கம்பெனிக்குக் கிடைக்கும் நிலம் 16 மடங்காகிவிடும்! ஒரு வகுப்பறைச் சூத்திரம் ஒரு வட்டாரத்தின் எல்லையை வரைந்தது என்றால் மிகையாகாது.

விற்றவர் உண்டு, வாங்கியவர் உண்டு, குண்டும் உண்டு. ஆனால் குண்டு விழுந்த வயலில் உழுது கொண்டிருந்தவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'உங்களைக் காப்பாற்றுகிறோம்' என்று கெர்க் ஆர்கானியாவில் அனுமதியாவது கேட்டார்!

கோட்டையான கோயில்

வந்தவர்கள் ஒரு கூட்டத்தார் மட்டும் அல்லர். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போட்டி போட்டார்கள். 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துக் கொண்டதும், புனித டேவிட் கோட்டையே இக்கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமாயிற்று. 1758-ல் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி அக்கோட்டையையும் பிடித்து இடித்துத் தள்ளினார்.

நான் தினமும் கோபுரத்தைப் பார்த்துக் கொண்டு வீடு திரும்பும் சிதம்பரமும் தப்பவில்லை. நடராசர் கோயிலின் உயர்ந்த மதில்களைப் பார்த்த படைத்தலைவர்களுக்கு அது கோயிலாகத் தெரியவில்லை, கோட்டையாகத் தெரிந்தது. 1753-ல் அங்கிருந்த ஆங்கிலக் காவற்படையைப் பிரெஞ்சுத் தரப்பினர் வெளியேற்றினர். 1759-ல் அதைத் திரும்பப் பிடிக்க ஆங்கிலேயர் முயன்று தோற்றனர், 1760-ல் பிடித்தனர். பிறகு ஹைதர் அலி அதன் காவலைப் பலப்படுத்திப் படையை நிறுத்தி வைத்தார். 1781 ஜூனில் சர் அயர் கூட் கோயிலைத் தாக்கித் தோல்வியுற்றுப் பின்வாங்கினார். சில நாட்களில், ஜூலை முதல் நாள், பரங்கிப்பேட்டையில் அவருக்கும் ஹைதர் அலிக்கும் பெரும்போர் நடந்தது. அதில் கூட் வென்றார்.

இரண்டு வல்லரசுகள், நடுவே கேட்பாரற்ற மக்கள். ஆர்கானியாவின் கதையைப் போலவே இருக்கிறதல்லவா? ஒரே ஒரு வேறுபாடு: ஆயுதங்களைக் கொதிக்க வைக்கும் வித்தை நம் மக்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

கையெழுத்தான பிறகு நடந்த போர்

இனிதான் நம் கேள்விக்கு உரிய கட்டம் வருகிறது. 1782 ஏப்ரலில் பிரெஞ்சுப் படையும் மைசூர்ப் படையும் சேர்ந்து கடலூரைக் கைப்பற்றின. அதை மீட்பதற்காக அடுத்த ஆண்டு ஜெனரல் ஸ்டூவர்ட் தலைமையில் ஓர் ஆங்கிலப் படை சென்னையிலிருந்து வந்து, நகருக்குத் தெற்கே பாசறை அமைத்தது. உள்ளே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி.

1783 ஜூன் 13-ஆம் நாள் கடுமையான சண்டை நடந்தது. ஆங்கிலேயர் தரப்பில் மட்டும் இறந்தவரும் காயமுற்றவருமாக ஏறத்தாழ ஆயிரம் பேர். அவர்களில் நம் நாட்டுச் சிப்பாய்கள் பலர். ஜூன் 20-ஆம் நாள் கடலூருக்கு எதிரே கடலில் ஹியூஸ் தலைமையில் ஆங்கிலக் கப்பல்களும், சுஃப்ரென் தலைமையில் பிரெஞ்சுக் கப்பல்களும் பீரங்கிகளால் மோதிக் கொண்டன. இரு பக்கத்திலும் நூறு பேர் அளவில் மாண்டனர். ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். ஜூன் 25-ஆம் நாள் நகருக்குள் இருந்த பிரெஞ்சுப் படை வெளியே பாய்ந்து தாக்கித் தோற்றது.

ஜூன் 29-ஆம் நாள், சென்னையிலிருந்து 'மெடியா' என்ற ஆங்கிலக் கப்பல் சமாதானக் கொடியை ஏற்றிக் கொண்டு வந்து சேர்ந்தது. அது கொண்டு வந்த செய்தி என்ன தெரியுமா? ஆங்கில அரசும் பிரெஞ்சு அரசும் வெர்சேல்ஸ் நகரில் பூர்வாங்க சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டு விட்டன என்பதுதான். எப்போது? அவ்வாண்டு ஜனவரி 20-ஆம் நாளே!

அதாவது, கடலூர் மண்ணில் ஜூன் 13-ஆம் நாள் சிந்திய இரத்தம், சமாதானம் ஏற்பட்ட 144 நாட்களுக்குப் பிறகு சிந்திய இரத்தம். ஜூன் 20-ஆம் நாள் கடலில் மாண்டவர்கள் 151 நாட்களுக்குப் பிறகு மாண்டவர்கள். அவர்களைக் கொன்றது பகைமை மட்டும் அல்ல, தூரமும்தான்.

உடன்படிக்கை எழுதியவர்களுக்கு இத்தாமதம் தெரியாமல் இல்லை. சமாதானத்துக்குப் பிறகு கடலில் பிடிபடும் கப்பல்களைத் திருப்பித் தருவதற்கு, தூரத்துக்கு ஏற்பக் கெடு வைத்தார்கள். ஐரோப்பாவின் அருகேயுள்ள கடல்களில் 12 நாள், அதற்கப்பால் ஒரு மாதம், நிலநடுக்கோடு வரை இரண்டு மாதம், உலகின் ஏனைய பகுதிகளில் ஐந்து மாதம் என்று கணக்கிட்டார்கள். கப்பலைத் திருப்பித் தரலாம். போன உயிரை எப்படித் திருப்பித் தருவது?

இச்சமாதானத்தில் மைசூருக்குப் பங்கில்லை என்பதையும் மறக்கக் கூடாது. தந்தை ஹைதர் அலிக்குப் பின் போரைத் தொடர்ந்த திப்பு சுல்தான், 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கை ஏற்படும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஜனவரி 20 முதல் ஜூன் 29 வரை 160 நாட்கள். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி ஐரோப்பாவிலிருந்து இங்கு வரும் கடல்வழியைச் சுமார் 20,000 கி.மீ. என்று வைத்துக் கொள்வோம். அவ்வழியே அச்செய்தி வந்திருந்தால், அதன் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 5 கி.மீ. ஆகிறது. நீங்களும் நானும் சாலையில் நடந்து போகும் வேகம்! 1783-ல் சமாதானம் நடந்துதான் வந்தது.

1870-ல் இலண்டனையும் டெஹ்ரானையும் இணைத்த சீமென்ஸ் தந்திப் பாதையின் வழியாக இந்தியாவுக்கு விரைவாகச் செய்திகள் வரத் தொடங்கின. மாதங்கள் மணிகளாயின. இன்று வானொலி அலையோ, ஒளியிழையில் ஓடும் ஒளியோ அத்தூரத்தை ஒரு நொடியின் சிறு பகுதியில் கடந்து விடுகிறது. வெற்றிடத்தில் ஒளிக்கு 20,000 கி.மீ. கடக்க ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு போதும். ஆகவே பூமிக்குள் தாமதம் என்ற சாக்கு இனி யாருக்கும் இல்லை.

ஆனால் பூமியை விட்டு வெளியேறினால் நாம் மறுபடி 1783-க்கே போய்விடுகிறோம்! ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கி.மீ. அதைவிட வேகமாக எச்செய்தியையும் அனுப்ப முடியாது என்று ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கை கூறுகிறது. அந்த வேகத்தில் 160 நாட்கள் ஓடினாலும், சூரியனுக்கு அடுத்துள்ள விண்மீனாகிய பிராக்ஸிமா சென்டாரிக்குப் போகும் வழியில் பத்தில் ஒரு பங்குதான் கடந்திருப்போம். அதன் தொலைவு 4.24 ஒளியாண்டுகள். இன்று பி.எஸ்ஸி. முதலாண்டில் சேரும் ஒரு மாணவர் அங்கே 'வணக்கம்' என்று அனுப்பினால், உடனே மறுமொழி கிடைத்தாலும் அது வந்து சேர எட்டரை ஆண்டுகள் ஆகும். அதற்குள் அவர் எம்.எஸ்ஸி.யும் முடித்து ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றுவிடலாம்.

தொலைக்காட்சிக் கதையில் உள்ள பெரிய பிழை இப்போது புரிகிறதல்லவா? ஆர்கானியாவின் பெரியவர், தாம் அங்கே நிற்கும் அதே நேரத்தில் இரு வல்லரசுகளின் தாய்க் கிரகங்களிலும் நிற்பதாகச் சொல்கிறார். சமாதானம் அண்டமெங்கும் ஒரே நொடியில் பரவிவிடுகிறது. நல்லெண்ணம் இருந்தாலும் பௌதிகம் அதற்கு இடம் தராது.

நாம் அனுப்பிய தூதுகள்

இவ்வளவு தூரம் இருந்தும் மனிதன் சும்மா இருக்கவில்லை. 1960-ல் அமெரிக்காவின் கிரீன் பாங்க் வானொலி ஆய்வகத்தில் ஃபிராங்க் டிரேக், டவ் செட்டி, எப்சிலான் எரிடானி என்ற இரு விண்மீன்களின் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பிக் காது கொடுத்துக் கேட்டார். செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் முறையான தேடல் அன்று தொடங்கியது.

நம் நாட்டுக் கற்பனையும் பின்தங்கவில்லை. 1963-ல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடிக்க, ஏ. காசிலிங்கம் இயக்கிய 'கலை அரசி' என்ற தமிழ்த் திரைப்படம் வெளிவந்தது. விஞ்ஞானத்தில் முன்னேறிய வேற்றுக் கிரகத்தார், தங்களிடம் இல்லாத கலையைத் தேடிப் பூமிக்கு வந்து, பாடத் தெரிந்த கதாநாயகியைத் தூக்கிக் கொண்டு போகிறார்கள். இசைக்காகப் பூமிக்கு ஆள் வருவார்கள் என்று நம்மவர்கள் எண்ணிப் பார்த்தது எவ்வளவு பொருத்தம்! பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் நாமே இசையை அங்கே அனுப்பி வைத்தோம். 1977-ல் ஏவப்பட்ட இரு வாயேஜர் விண்கலங்களிலும் பொன்முலாம் பூசிய இசைத்தட்டு ஒன்று இருக்கிறது. அதில் கேசர்பாய் கேர்க்கர் பாடிய இந்துஸ்தானிப் பாடலும் உண்டு. 55 மொழிகளில் வாழ்த்தும் உண்டு. தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் இருக்கும் அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. குண்டு கிராமத்து மக்களைக் கேட்காததைப் போல நம்மையும் கேட்கவில்லை போலும்! வாயேஜர் 1 இன்று எவ்வளவு தொலைவில் இருக்கிறதென்றால், அதன் வானொலிக் குரல் நம்மை எட்ட ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது.

1974 நவம்பர் 16-ஆம் நாள் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கியிலிருந்து 1,679 துடிப்புகள் கொண்ட ஒரு செய்தியை அனுப்பினார்கள். 1,679 என்பது 23, 73 என்ற இரு பகா எண்களின் பெருக்கல். அப்படி வரிசைப்படுத்தினால் ஒரு படம் கிடைக்கும். அனுப்ப மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அது போய்ச் சேர வேண்டிய எம் 13 என்ற விண்மீன் கூட்டம் சுமார் 25,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ளது. அனுப்பிய தொலைநோக்கியோ 2020 டிசம்பரில் இடிந்து விழுந்துவிட்டது. கடிதம் போய்ச் சேருமுன் தபாலாபீசே போய்விட்டது!

நம் உதகமண்டலத்தின் அருகே முத்தொரையிலும் ஒரு பெரிய வானொலித் தொலைநோக்கி உண்டு. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-ல் அமைக்கப்பட்டது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. அவ்விடத்தின் அட்சரேகை அளவுக்கே சாய்ந்திருந்த ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்குமாறு கட்டியிருக்கிறார்கள். விருந்தாளிகளின் குரலைக் கேட்பதற்கென்று அது கட்டப்படவில்லை. ஆனால் வானத்தைக் காதால் கேட்பது எப்படி என்று அறிய விரும்பும் மாணவர்கள் அதைப் பார்க்க வேண்டும்.

நாம் அறியாமலே அனுப்பிய செய்திகளும் உண்டு. 1967-ல் ஒளிபரப்பான அந்தத் தொலைக்காட்சிக் கதையே ஓர் உதாரணம். அதன் அலைகள் பூமியை மையமாகக் கொண்டு ஒரு கோளமாக விரிந்து கொண்டே போகின்றன. 1992-ல் அபிஜித் விண்மீனின் தொலைவைக் கடந்தன. 2003-ஆம் ஆண்டின் இறுதியில் சுவாதியின் தொலைவைக் கடந்தன. ரோகிணியின் தொலைவை 2030-களில் எட்டும். நம் பாட்டிமார் பிறந்த நாளுக்குச் சொல்லும் நட்சத்திரங்களின் பக்கத்தில் சமாதானத்தைப் பற்றிய ஒரு கதை போய்க் கொண்டிருக்கிறது!

ஆனால் அவ்வலைகளின் வலிமை, தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைந்துவிடும். ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து 50 கி.மீ. தொலைவில் கிடைக்கும் வலிமையை, 1-க்குப் பின் 25 பூஜ்யங்கள் போட்ட எண்ணால் வகுத்தால் வருவதைவிட, அபிஜித்தின் தொலைவில் கிடைப்பது குறைவு. பீரங்கிக் குண்டு போய் விழுந்த இடத்தோடு நிற்கும். அலை நிற்பதில்லை, மெலிந்து மெலிந்து போய்க் கொண்டே இருக்கும்.

மாணவருக்கு என் விடை

மறுவாரம் அந்த மாணவருக்கு நான் சொன்ன விடை இதுதான்: "தம்பி, அவர்கள் நல்லவர்களா என்பதை அவர்கள் வந்தால்தான் சொல்ல முடியும். ஆனால் நல்லவர்களாக இருப்பது மட்டும் போதாது என்பதை உன் ஊரே சொல்லிக் கொடுத்திருக்கிறது. 1783 ஜூனில் இரண்டு அரசுகளும் சமாதானத்தைத்தான் விரும்பின. கையெழுத்தும் போட்டாயிற்று. இருந்தும் ஆட்கள் செத்தார்கள். தூரம் கூடக்கூடப் பொறுமையும் கூட வேண்டும். உத்தரவு வந்து சேரும் வரை சுடுவோம் என்பவனைவிட, உத்தரவு வந்து சேரும் வரை சுடாதிருப்போம் என்பவனால்தான் தொலைவில் இருப்பவனோடு வாழ முடியும்."

அவர் விடவில்லை. "அப்ப பூமியோட சார்பா யார் சார் பேசறது?" என்றார். நல்ல கேள்வி. வேற்றுலகச் செய்தி கிடைத்தால், உலக நாடுகள் கலந்து பேசாமல் யாரும் தனியே மறுமொழி அனுப்பக் கூடாது என்று சர்வதேச விண்வெளியியல் கழகம் 1989-ல் ஒரு நெறிமுறையை வகுத்தது. சட்டத்தின் வலிமை அதற்கு இல்லை. எனினும் 1690-ல் பீரங்கியைத் திருப்பியவர்களுக்குத் தோன்றாத ஒரு நியாயம் அதில் இருக்கிறது. குண்டு விழப்போகும் வயலில் நிற்பவனையும் கேட்க வேண்டும் என்பதே அந்த நியாயம்.

அடுத்த முறை தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனால், அலையில் கால் நனைத்தபடி ஒரு நிமிடம் கிழக்கே பாருங்கள். 1783 ஜூன் 20-ஆம் நாள் அக்கடலில் பீரங்கிகள் முழங்கியபோது சமாதானம் கையெழுத்தாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதைச் சொல்ல வேண்டிய கப்பல் இன்னும் வந்து சேரவில்லை. பிறகு தலையை உயர்த்தி வானத்தைப் பாருங்கள். அங்கிருந்து நமக்கொரு நற்செய்தி ஏற்கெனவே புறப்பட்டு வந்து கொண்டிருக்கலாம். அது வந்து சேரும் வரை, ஒருவரையொருவர் சுட்டுக் கொள்ளாமல் காத்திருப்பது நம் கையில்தான் இருக்கிறது.